ஒரே விடுப்புக் கணக்கில் ஐரோப்பாவும் ஊரும்: ஜெர்மனிவாழ் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்து, இப்போது ஸ்டுட்கார்ட் நகரில் பொறியாளராகப் பணிபுரியும் எனக்கு ஆண்டு முழுவதும் இரண்டு பக்கங்களிலிருந்தும் கேள்விகள் வருகின்றன. புதிதாக ஜெர்மனிக்கு வந்திருக்கும் இளைஞர்கள் ஐரோப்பாவை எப்படிச் சுற்றிப் பார்ப்பது என்று கேட்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் எப்போது வருகிறாய் என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் செலவாவது ஒரே விடுப்புதான் என்பதால், விடைகளையும் ஒன்றாகவே எழுதியிருக்கிறேன். இந்தியக் கடவுச்சீட்டும் ஜெர்மானியக் குடியிருப்பு அனுமதி அட்டையும் வைத்திருப்பவர்களை மனத்தில் கொண்டு எழுதியவை இவை.

ஆண்டுக்கு எத்தனை நாள் விடுப்பு கிடைக்கும்? அதில் ஐரோப்பாவுக்கு எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு?

வாரத்துக்கு ஐந்து நாள் வேலை செய்பவருக்குச் சட்டப்படி குறைந்தது 20 நாள் விடுப்பு உண்டு. பல நிறுவனங்களில் 30 நாள் தருகிறார்கள். ஊருக்கு ஒரு முறை போய் வருவதற்கே மூன்று வாரம், அதாவது 15 வேலை நாள் போய்விடும். அதற்குக் குறைவான நாட்களுக்குப் போனால், பயணக் களைப்பிலும் உறவினர் வீடுகளுக்குப் போய் வருவதிலுமே நாட்கள் கரைந்து, அம்மாவுடன் நிம்மதியாக உட்கார்ந்து பேசுவதற்கு இரண்டு மாலைகூட மிஞ்சாது. மீதி 15 நாளில்தான் ஐரோப்பா.

அந்தப் பதினைந்தை நீட்டிக்க நாட்காட்டி உதவும். இயேசுவின் விண்ணேற்ற நாள் எந்த ஆண்டிலும் வியாழக்கிழமையில்தான் வரும். அடுத்த வெள்ளிக்கு மட்டும் விடுப்பு எடுத்தால் நான்கு நாள் கிடைக்கும். இப்படிப்பட்ட நாளை ஜெர்மானியர்கள் 'ப்ரூக்கன்டாக்', அதாவது பாலநாள் என்கிறார்கள். புனித வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் அரசு விடுமுறைகள் என்பதால், அவற்றுக்கு முன்னும் பின்னும் நான்கு நான்கு நாளாக எட்டு நாள் விடுப்பு எடுத்தால், வார இறுதிகளையும் சேர்த்துப் பதினாறு நாள் தொடர்ச்சியாகக் கிடைக்கும். இந்தக் கணக்கு அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், ஜனவரியிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.

பொங்கலுக்குப் போக விரும்புவோருக்கு இன்னொரு வழி உண்டு. மிச்சமிருக்கும் பழைய ஆண்டு விடுப்பை அடுத்த மார்ச் 31 வரை கொண்டுசெல்லப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. அதை ஜனவரியில் பயன்படுத்திக்கொண்டால், புது ஆண்டின் விடுப்பில் கை வைக்காமலே கரும்பு கடித்துவிட்டுத் திரும்பலாம்.

ஜெர்மானிய அட்டையை வைத்துக்கொண்டு எந்தெந்த நாடுகளுக்குப் போகலாம்?

தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஷெங்கன் நாடுகள் 29-க்கும் போகலாம். தனி விசா தேவையில்லை. லக்ஸம்பர்க்கில் மொசெல் ஆற்றங்கரையில் இருக்கும் ஷெங்கன் என்ற சிற்றூருக்கு அருகே, ஒரு கப்பலில் வைத்து 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையிலிருந்துதான் இந்த ஏற்பாடு தொடங்கியது. குரோஷியா 2023-இல் சேர்ந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் தரைவழி எல்லைகளிலும் முழுமையாகச் சேர்ந்தன. ஸ்விட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவை ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. பிரிட்டன் இரண்டிலும் இல்லை. லண்டனுக்குப் போக இந்தியருக்குத் தனி விசா வேண்டும் என்பதை விமானச் சீட்டு வாங்கிய பிறகு தெரிந்துகொண்டவர்களை ஆண்டுக்கு ஒருவராவது சந்திக்கிறேன்.

வரம்பு இதுதான்: ஜெர்மனிக்கு வெளியே மற்ற ஷெங்கன் நாடுகளில் எல்லாம் சேர்த்து, எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. இது ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடியும் அரையாண்டுக் கணக்கன்று; ஒவ்வொரு நாளும் பின்னோக்கி 180 நாளைப் பார்த்து எண்ணும் கணக்கு. ஜெர்மனியில் இருக்கும் நாட்கள் இதில் சேரா. விடுப்பில் சுற்றுபவர் இந்த வரம்பை எட்டவே மாட்டார். அயல்நாட்டு நண்பர் வீட்டில் மாதக்கணக்கில் தங்கி மடிக்கணினியில் வேலை செய்யலாம் என்று நினைப்பவர்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஏனெனில் இந்த 90 நாள் அங்கே தங்குவதற்கான உரிமையே தவிர, அங்கே பணிபுரிவதற்கான உரிமை அன்று.

எல்லையில் சோதனை உண்டா?

இல்லை என்று சொல்லிப் பழகியிருந்தோம். ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் தரைவழி எல்லைகள் அனைத்திலும் சோதனையைக் கொண்டுவந்தது. ரயிலிலும் பேருந்திலும் காவலர்கள் ஏறிப் பார்ப்பார்கள். ஒரு நாள் பயணமாக ஸ்ட்ராஸ்பர்க் போனாலும் கடவுச்சீட்டும் அட்டையும் இரண்டும் கையில் இருக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்துவைத்த படம் போதாது.

அட்டை காலாவதியாகப் போகிறது, புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். இந்த நிலையில் ஊருக்குப் போகலாமா?

காலாவதிக்கு முன்பே விண்ணப்பித்திருந்தால், அயல்நாட்டவர் அலுவலகம் 'ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங்' என்ற தற்காலிகச் சான்றைத் தரும். அதில் குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்று குறிக்கப்பட்டிருந்தால், பழைய அட்டையின் உரிமைகள் தொடர்கின்றன என்று பொருள். அதைக் காட்டி ஜெர்மனிக்குத் திரும்பலாம். 3-ஆம் உட்பிரிவு குறிக்கப்பட்டிருந்தால் திரும்பி வர உதவாது. கட்டத்தில் இருக்கும் ஒரு சிறு பெருக்கல் குறிதான் வேறுபாடு. ஆகவே அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அதைப் படித்துப் பாருங்கள்.

சட்டம் சரியாக இருந்தாலும் விமான நிலையத்தில் இருக்கும் ஊழியருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே. இந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரு முறை சென்னையிலிருந்து திரும்பியபோது, பயணப் பெட்டியை ஒப்படைக்கும் இடத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நிற்க வைக்கப்பட்டேன். ஜெர்மன் மொழியில் மட்டுமே இருந்த தாளை யாரும் நம்பவில்லை. மேலாளர் யாரையோ தொலைபேசியில் அழைத்துக் கேட்ட பிறகுதான் விட்டார்கள். அன்றுமுதல், அட்டை கைக்கு வராத நிலையில் ஊருக்குப் போக நேர்பவர்களிடம், காலாவதியான அட்டையையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள், நேரடி விமானத்திலேயே வாருங்கள், மூன்று மணி நேரத்துக்கு முன்பே வரிசையில் நில்லுங்கள் என்று சொல்லி வருகிறேன்.

ரயிலில் சுற்ற எந்தச் சீட்டு நல்லது?

ஐரோப்பாவில் சட்டப்படி வசிப்பவர் எந்நாட்டுக் குடிமகனாக இருந்தாலும், பல நாட்டு ரயில்களிலும் செல்லும் இன்டர்ரெயில் சீட்டு வாங்கலாம். இந்தியாவிலிருந்து சுற்றுலாவாக வருபவருக்கு உரியது யூரெயில். இன்டர்ரெயில் 1972-இல் தொடங்கியது. வசிக்கும் நாட்டுக்குள் அதை விருப்பம்போலப் பயன்படுத்த முடியாது. வெளியே போக ஒரு நாளும் திரும்பி வர ஒரு நாளும் மட்டுமே அனுமதி. பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் விரைவு ரயில்கள் ஆகியவற்றில் இருக்கைப் பதிவுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். இரண்டே நகரங்களைப் பார்ப்பவருக்கு முன்கூட்டியே வாங்கும் சாதாரணச் சீட்டுதான் மலிவு. ஆறேழு நகரங்களுக்குத் திட்டமில்லாமல் போகிறவருக்கே இன்டர்ரெயில் இலாபம்.

அன்றாடச் சுற்றலுக்கு டாய்ச்லாண்ட் சீட்டே போதும். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்த இந்த மாதச் சீட்டு, 2025-இல் 58 யூரோவாகவும் 2026-இல் 63 யூரோவாகவும் ஏறியது. நாடெங்கும் வட்டார ரயில்களிலும் நகரப் பேருந்துகளிலும் செல்லும். விரைவு ரயில்களில் செல்லாது. எல்லை தாண்டி சால்ஸ்பர்க் வரை இதே சீட்டில் போய்விடலாம். லக்ஸம்பர்க்குக்குள் நுழைந்துவிட்டால் பொதுப் போக்குவரத்தே இலவசம்; 2020 மார்ச் முதல் அங்கே இரண்டாம் வகுப்புக்குச் சீட்டே கிடையாது.

ஸ்விட்சர்லாந்துக்கு மட்டும் தனி எச்சரிக்கை ஏன்?

கைப்பேசிக் கட்டணம்தான் முதற்காரணம். ஒன்றிய நாடுகளுக்குள் கூடுதல் கட்டணம் இல்லாமல் பேசும் வசதி 2017 ஜூன் 15 முதல் உண்டு. ஸ்விட்சர்லாந்து அதில் சேராது. ரைன் அருவியைப் பார்க்கப் போய், வரைபடத்தைத் திறந்து வைத்தபடி அரை நாள் நடந்தவருக்கு மாதக் கடைசியில் வந்த கட்டண ரசீது, அருவியைக் காட்டிலும் நினைவில் நிற்கும். காரில் போனால், அவர்களுடைய நெடுஞ்சாலை ஒட்டுவில்லையை ஒரு நாளுக்கு மட்டும் வாங்க முடியாது; ஆண்டு முழுமைக்குமாக 40 பிராங்க் கட்ட வேண்டும்.

அரண்மனையும் அருங்காட்சியகமும் பார்த்துச் சலித்துவிட்டது. தமிழருக்கென்று பார்க்க ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் நிறையவே உண்டு. வடக்கே ஹாம் நகரத்தின் ஊன்ட்ராப் பகுதியில், தொழிற்கூடங்களுக்கு நடுவில் 17 மீட்டர் உயரக் கோபுரத்துடன் காமாட்சி அம்மன் கோயில் நிற்கிறது. போர்க்காலத்தில் அகதிகளாக வந்த ஈழத்தமிழர் கட்டி, 2002-இல் குடமுழுக்கு நடத்திய கோயில் அது. கோடையில் நடக்கும் தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். தீர்த்தமாடுவது அருகிலுள்ள கப்பல் கால்வாயில். சரக்கு லாரிகள் போகும் சாலையில் தேர்வடத்தைப் பிடித்து இழுத்தபோது, காவிரிப் படித்துறையில் வளர்ந்த எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு வரவில்லை.

பாரிஸில் வடக்கு ரயில் நிலையத்திலிருந்து சற்று நடந்தால் லா ஷப்பெல். கடைப் பெயர்ப்பலகைகள் தமிழில் இருக்கும். முருங்கைக்காயும் வாழையிலையும் கிடைக்கும். 1985-இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம் அங்கேதான் இருக்கிறது. ஆகஸ்ட் இறுதியில் அதன் தேர் தெருவில் வரும்போது சாலையெங்கும் தேங்காய் உடைபடும். ஸ்டுட்கார்ட்டிலிருந்து பாரிஸுக்கு நேரடி ரயிலில் மூன்றே கால் மணி நேரம்கூட ஆகாது என்பதால், மாதச் சாமான் வாங்கவே போய் வரும் குடும்பங்கள் உண்டு.

என் விருப்பம் இவற்றைவிட ஹாலே நகரம்தான். சாக்சனி மாநிலத்தின் புல்ஸ்னிட்ஸில் 1682-இல் பிறந்து ஹாலேயில் கற்ற கிறித்தவ மறைப்பணியாளர் சீகன்பால்க், டென்மார்க் மன்னர் அனுப்பியதால் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி அங்கேயே அச்சிட்டார். அவரும் அவர் வழிவந்தவர்களும் அனுப்பிய கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் ஹாலேயின் ஃபிராங்கே அறநிலையத்தில் காப்பாற்றி வைக்கப்பட்டுள்ளன. தரங்கம்பாடி என் ஊரிலிருந்து பேருந்தில் போகும் தூரம். சிறு வயதில் கோட்டைச் சுவரில் ஏறி விளையாடியதைத் தவிர அங்கே எதையும் பார்க்காத நான், அந்த ஊரின் முந்நூறு ஆண்டுக் கதையை ஹாலேயில்தான் படித்தேன்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். நகரங்களில் அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும் என்பதை மட்டும் மறக்காமல் சனிக்கிழமையே ரொட்டியும் தயிரும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஊருக்குப் போவதற்குப் பதில் பெற்றோரை இங்கே அழைத்தால் என்ன?

அழைக்கலாம், அழைக்கவும் வேண்டும். அவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மதிப்பிலான மருத்துவக் காப்பீடு கட்டாயம். செலவுக்கு நான் பொறுப்பு என்று நீங்கள் அயல்நாட்டவர் அலுவலகத்தில் எழுதித் தரும் உறுதிச் சான்றும் உதவும். அவர்களுக்கான 90 நாளில் ஜெர்மனியில் தங்கும் நாட்களும் சேரும். உங்கள் கணக்கோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2025 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வரத் தொடங்கிய புதிய நுழைவுப் பதிவு முறையில் அவர்களின் விரல் ரேகையும் படமும் எடுக்கப்படும். குடியிருப்பு அட்டை வைத்திருக்கும் நமக்கு அது பொருந்தாது. மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்திய இந்தியருக்கு, இரண்டு ஆண்டுக்குப் பலமுறை வந்து போகும் விசா தரலாம் என்று 2024 ஏப்ரலில் விதி தளர்ந்திருக்கிறது.

பெற்றோரை வைத்துக்கொண்டு ஐந்து நாளில் ஏழு நகரம் பார்க்கும் பேருந்துச் சுற்றுலாவுக்குப் போகாதீர்கள். என் அப்பாவுக்கு ஐரோப்பாவில் பிடித்தது, எங்கள் தெருமுனையிலிருந்து சரியான நிமிடத்தில் புறப்படும் 'டிராம்' வண்டியைக் கடிகாரம் பார்த்துச் சரிபார்ப்பதுதான்.

குழந்தைகளுடன் ஊருக்கு எந்த மாதம் போவது?

இதற்கு நல்ல விடை கிடையாது. குறைந்த தீமை எது என்று மட்டும் சொல்லலாம். எங்கள் மாநிலத்தில் கோடை விடுமுறை ஜூலை இறுதியில் தொடங்கிச் செப்டம்பரில் முடிகிறது. தமிழ்நாட்டிலோ பள்ளிகள் ஜூனிலேயே திறந்துவிடும். ஆறு வாரம் கையில் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் போய் இறங்கும்போது, அத்தை பிள்ளைகளும் மாமா பிள்ளைகளும் சீருடை அணிந்து பள்ளி வண்டி ஏறிக்கொண்டிருப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் அவர்களுக்கு விடுமுறை. நம் பிள்ளைகளுக்கு ஈஸ்டரை ஒட்டிச் சில நாட்கள்தான். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றால், ஜெர்மனியில் பள்ளிக்குச் செல்வது சட்டக் கடமை, அபராதம் விதிப்பார்கள்.

இரு நாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் விடுமுறை வருவது கிறிஸ்துமஸ் வாரத்தில். அந்த வாரத்தில்தான் விமானக் கட்டணமும் உச்சத்தில் இருக்கும். இருந்தும், மழை ஓய்ந்து, மார்கழிக் குளிரில் கோலம் போடும் நேரத்துக்குப் பிள்ளைகள் தங்கள் வயதொத்தவர்களோடு திண்ணையில் இருப்பதற்காக, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அந்தக் கூடுதல் கட்டணத்தைக் கொடுத்துவிடுகிறோம். இடைப்பட்ட ஆண்டில் ஆகஸ்டில் போகிறோம்.

ஊரில் உடல்நலம் கெட்டால்?

உங்கள் மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்புறத்தில் இருக்கும் ஐரோப்பியக் காப்பீட்டு அட்டை ஐரோப்பிய நாடுகளில் செல்லும், இந்தியாவில் செல்லாது. வெளிநாட்டுப் பயணக் காப்பீடு தனியே எடுக்க வேண்டும். ஆண்டுக்குச் சில யூரோக்கள்தான். ஒரு பயணம் எத்தனை வாரம் வரை அதில் அடங்கும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது: விடுப்பில் இருக்கும்போது நோய்வாய்ப்பட்டு மருத்துவச் சான்று பெற்று உடனே நிறுவனத்துக்குத் தெரிவித்தால், அந்த நாட்கள் விடுப்பில் கழிக்கப்படமாட்டா. கும்பகோணத்து மருத்துவர் எழுதிய சான்றுக்கும் இது பொருந்தும். வேலை செய்ய இயலாத நிலை என்று அதில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

திரும்பும்போது எதைக் கொண்டுவரக் கூடாது?

நெய், பால்கோவா, இறைச்சி ஆகியவை கூடாது. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரத் தடை உண்டு. கருவாடு கூடும். புதிய கறிவேப்பிலையும் மாம்பழமும் தாவரநலச் சான்று இல்லாமல் கூடா. தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் விலக்கு உண்டு. இது வெறும் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம்: பழ ஈக்கள் காரணமாக 2014 மே முதல் ஏறத்தாழ ஒன்பது மாதம் இந்திய மாம்பழ இறக்குமதியையே ஒன்றியம் நிறுத்தி வைத்திருந்தது. துபாய் வழியாக வருபவர்கள் குருமாவுக்கென்று கசகசாவைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட போதைப்பொருள்.

ஊரில் வாங்கிய நகையும் பட்டும் சேர்ந்து ஒருவருக்கு 430 யூரோவைத் தாண்டினால், ஜெர்மனியில் சிவப்பு வழியில் போய் அறிவிக்க வேண்டும். தாலிச் சங்கிலி போல இங்கிருந்தே அணிந்து போன நகைகளுக்கு, புறப்படும் முன் விமான நிலையச் சுங்க அலுவலகத்தில் சான்று பெற்றுக்கொண்டால் திரும்பும்போது விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

விமானம் தாமதமானால் இழப்பீடு கிடைக்குமா?

ஒன்றிய நாட்டு விமான நிலையத்திலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் 261/2004 விதி பொருந்தும். சென்னைக்கு நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், புயல் போன்ற காரணங்கள் இல்லாதபட்சத்தில், ஆளுக்கு 600 யூரோ. திரும்பும் பயணத்திலோ ஒன்றியத்தைச் சேர்ந்த நிறுவனத்தின் விமானமாக இருந்தால் மட்டுமே இது உண்டு. வளைகுடா நிறுவனங்களுக்குக் கிடையாது. இடையில் விமானம் மாறினாலும் எல்லாம் ஒரே பதிவில் இருந்தால் கடைசி ஊரைச் சேரும் நேரமே கணக்கு. சென்னை வரை ஒன்று, திருச்சிக்குத் தனியாக ஒன்று என்று பதிவு செய்தவர், இரண்டாவது விமானத்தைத் தவறவிட்டால் அது அவர் பாடு. நான் எழும்பூர் போய் உழவன் விரைவு ரயிலைப் பிடித்துக்கொள்கிறேன். விடிகாலையில் கும்பகோணம் வந்துவிடும்.

நீண்ட நாள் ஊரில் தங்கினால் அட்டை செல்லாமல் போகுமா? ஒரேயடியாகத் திரும்பிவிட்டால்?

சாதாரண அனுமதி, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தானாகவே அற்றுப்போகும். உயர்தகுதிப் பணியாளருக்கான 'ப்ளூ கார்டு' அனுமதி வைத்திருப்பவருக்கு 12 மாதம். பெற்றோரைக் கவனித்துக்கொள்ள அதைவிட நீண்ட காலம் தேவைப்பட்டால், புறப்படும் முன்பே எழுதிக் கேட்டு நீட்டிப்புப் பெற வேண்டும்.

ஒரேயடியாகத் திரும்புபவர் நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவை நீக்க வேண்டும். ஓய்வூதியத்துக்கு 60 மாதத்துக்குக் குறைவாகக் கட்டியிருந்தால், வெளியேறி 24 மாதம் கழித்து உங்கள் பங்கைத் திரும்பக் கேட்கலாம். நிறுவனம் கட்டிய பங்கு வராது. 2017 மே 1 முதல் நடப்பிலுள்ள இந்திய–ஜெர்மானிய உடன்படிக்கையின்படி, இந்தியாவில் கட்டிய காலத்தையும் சேர்த்து ஓய்வூதியத் தகுதியைக் கணக்கிட முடியும் என்பதால், பணத்தை அவசரப்பட்டு எடுத்துவிட வேண்டாம் என்பது என் எண்ணம். எடுத்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். எப்படிச் செய்தாலும் ஓய்வூதியக் காப்பீட்டு எண் உள்ள கடிதம் தேவைப்படும். அதை ஊரில் பத்திரப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.